சிக்னலைக் கேட்காத தேற்றம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்டார். நல்ல வார்த்தை என் கைவசம் அதிகம் கிடையாது. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள். ஆனால் ஒரு கதை இருக்கிறது. இரண்டு வண்டிகள் மோதவே மோதாது என்று நாங்கள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிட்டு, ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டு, கையும் களவுமாக மாட்டிக்கொண்ட கதை. அதைச் சொல்கிறேன், நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்கலாம். அன்று எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் இன்று திரையில் ஒரு வரையறையின் மேல் சொடுக்கினால், அது எதன் மேல் நிற்கிறது, அதை நம்பி எவையெல்லாம் நிற்கின்றன என்று கிளை கிளையாக விரிகிறது. பிடிக்கவில்லை என்றால் மூடிவிட்டு டீ குடிக்கப் போகிறீர்கள். எங்கள் வரைபடம் சுவரில் இருந்தது. மூட முடியாது. தாள் தாளாக அச்சடித்து, பசை தடவி ஒட்டியிருந்தோம். அடிப்படை வரையறைகள் தரையோரம். அவற்றின் மேல் துணைத் தேற்றங்கள். உத்தரத்துக்குப் பக்கத்தில் தலைமைத் தேற்றம். அதைப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு பெட்டிக்குள், பெட்டிக்குப் பெட்டி கோடு, நடுவில் பல்லி ஓடும். யாராவது வெளியாள் வந்தால் எது கோடு, எது பல்லி என்று நின்று பார்ப்பார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி அது. கீழே இரும்புப் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், மாடியில் நாங்கள் கணிதம் செய்வோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் அங்கே எல்லாரும் எதையாவது உருக்கிக்கொண்டோ அடித்துக்கொண்டோ இருந்தார்கள். உட்கார்ந்து யோசிப்பதற்குச் சம்பளம் வாங்கியவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று கீழே இருந்தவர்களுக்கு எங்கள் மேல் ஒரு கடுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு.

எங்கள் முதலாளிக்கு ஆந்திரப் பக்கம் ஒரு இரும்பு ஆலையிலிருந்து ஆர்டர் வந்தது. ஆலைக்குள்ளேயே தண்டவாளம், சொந்த இன்ஜின்கள். எந்த லைனில் எந்த வண்டியை விடலாம், எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் சிக்னல் பெட்டியை நாங்கள் செய்து தர வேண்டும். ஆலைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். இரண்டு வண்டிகள் ஒருபோதும் ஒரே லைனில் சேராது என்பதைக் கணித முறையில் நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணத்தைக் கம்ப்யூட்டர் வரி வரியாகச் சரிபார்த்திருக்க வேண்டும். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்வது முதலாளியின் சுபாவம். சரி என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அப்படி ஒரு வேலை தெரிந்த ஆட்களைத் தேடினார்.

அப்படி அகப்பட்டவர்களில் நான் ஒருத்தி. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு திருவள்ளூர் மணவாள நகரில். தினமும் கம்பெனி வேனில் பெரியபாளையம் வழியாகக் குலுங்கிக்கொண்டு வந்து சேருவேன். சிக்னல் பற்றிய துணைத் தேற்றங்கள் முழுக்க என் பொறுப்பு. அடுத்தது தணிகாசலம், பொதட்டூர்பேட்டைக்காரர். சிக்னல் வேலையில் ஊறியவர், கணிதம் பிறகு கற்றுக்கொண்டவர், இரண்டிலும் பிடிவாதக்காரர். மூன்றாவது எஸ்தர், உள்ளூர்ப் பெண். அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்து உருட்டாலையில் ஷிப்டு வேலை. வீட்டிலேயே முதல் பட்டதாரி, எங்கள் எல்லாரையும்விட வேகம். கடைசியாக ஹாஜா. பழவேற்காட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் குடும்பம். சுவரில் இருந்த வரைபடத்தை வரைகிற புரோகிராமை எழுதியவன் அவன்தான். நாங்கள் மூவரும் தேற்றம் எழுதுவோம். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று அவன் படம் போடுவான்.

முதலாளிக்கு ஹாஜாவின் வேலை கடைசிவரை பிடிபடவில்லை. "படம் வரைய ஒரு ஆளா?" என்று என்னிடம் அடிக்கடி கேட்பார். அதனால் மற்றவர்களை நிரந்தரம் ஆக்கியபோது ஹாஜாவை மட்டும் தற்காலிகமாகவே வைத்திருந்தார். அவனுக்கோ இந்த வேலையை விட்டால் கடைக்குப் போய்த் துணி கிழிக்க வேண்டியதுதான். அதை அவன் மரண தண்டனை மாதிரி நினைத்தான்.

இப்போது எங்கள் ஆபீசின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா வினையும் அதில்தான் ஆரம்பம்.

ஆரம்ப நாட்களில் தணிகாசலம் லைப்ரரியை, அதாவது கம்ப்யூட்டரில் இருந்த எங்கள் வரையறைத் தொகுப்பை, சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பினார். தரையோரம் 'இடைவெளி' என்று ஒரு வரையறை. அதை யாரும் பயன்படுத்துவதாக அவருக்குத் தெரியவில்லை. எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் சிவப்பு, சிவப்பு, ஒரே சிவப்பு. அந்த வரையறையின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று பாதிச் சுவர் அதை நம்பி நின்றிருக்கிறது. நேரடியாக அதைக் கேட்ட வரையறை ஒன்றுதான். அந்த ஒன்றை நம்பி நின்றவை ஊர்ப்பட்டவை. எஸ்தர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னா சார் இது, ஒரே பேஜாரா பண்ணி வெச்சிக்கிறீங்க!" என்றாள். தணிகாசலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. எல்லாவற்றையும் பழையபடி நிறுத்த நாங்கள் பட்ட பாட்டில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். அடுத்தவர் எழுதிய வரையறையில் யாரும் கை வைத்து அழிக்கக் கூடாது. வேண்டுமானால் ஒரு வரி சேர்க்கலாம். எங்களுக்கு அது மிகவும் பண்பட்ட சட்டமாகத் தோன்றியது. சேர்ப்பதால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும்?

நீங்களும் இதுபோல ஏதாவது சட்டம் வைத்திருப்பீர்கள். அதை ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு விபத்துக்குப் பயந்து போட்ட சட்டம் அந்த விபத்தை மட்டும்தான் தடுக்கும்.

தணிகாசலமும் எஸ்தரும் ஒரு மேசையின் எதிரெதிர்ப் பக்கம் உட்காருவார்கள். தலைக்கு மேல் ஒரே ஃபேன். வேகமாக வைத்தால் அவருடைய காகிதம் பறக்கும். மெதுவாக வைத்தால் இவளுக்கு வேர்த்துக் கொட்டும். கும்மிடிப்பூண்டி சித்திரை வெயிலில், கீழே பெயின்ட் காயவைக்கும் சூடு வேறு மேலே ஏறும். ஒரு நாள் அவர் எழுந்து ரெகுலேட்டரைக் குறைத்தார். அவள் எழுந்து கூட்டினாள். அவர் குறைத்தார். அவள் கூட்டினாள். வாய் வார்த்தை எதுவும் இல்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என் வழியாகத்தான். "மேடம், அவர்கிட்ட சொல்லுங்க" என்பாள், அவர் கைநீட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. அவரும், "டீச்சர், அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க" என்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் வேலையைப் பார்ப்பேனா, இவர்களுக்குத் தபால்காரியாக இருப்பேனா?

அந்தச் சமயத்தில்தான் 'வண்டி' என்ற வரையறை எழுத வேண்டியிருந்தது. வண்டிக்கு ஒரு தலை, ஒரு வால். லைனில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண், இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும். தணிகாசலம் ஒரு காகிதத்தில் பென்சிலால் இன்ஜின் படம் போட்டு, மேசை நடுவில் வைத்து, அதைப் பார்த்து எழுதினார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்ஜின் இடது கைப்பக்கம். எனவே 'தலையின் எண் வாலின் எண்ணைவிடச் சிறியது' என்று ஒரு வரி. எஸ்தர் அதே படத்தை எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அவளுக்கு இன்ஜின் வலது கைப்பக்கம். அவளுடைய துணைத் தேற்றங்களுக்கு வேண்டியிருந்தது அதற்கு நேர்மாறான வரி. சாதாரணமாக இருந்தால், "சார், இது தலைகீழா இருக்குது" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். பேச்சுதான் இல்லையே. அழிக்கலாமா என்றால் ஆபீஸ் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதனால் மரியாதையாக அவருடைய வரியை அப்படியே விட்டுவிட்டு, கீழே தன்னுடைய வரியைச் சேர்த்தாள்: 'வாலின் எண் தலையின் எண்ணைவிடச் சிறியது'. தணிகாசலம் அவள் சேர்த்ததைத் திரும்பிப் பார்த்தால் கௌரவம் என்ன ஆவது? அவர் பார்க்கவில்லை.

அதுவரை எங்கள் தலைமைத் தேற்றம் வாரக்கணக்கில் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு முட்டினாலும் நிரூபணம் பாதியில் நின்றுவிடும். எஸ்தர் அந்த வரியைச் சேர்த்த அன்று மத்தியானம், சும்மா பார்க்கலாமே என்று கம்ப்யூட்டரையே நிரூபணத்தைத் தானாகத் தேடச் சொன்னாள். இப்படித் தேடச் சொன்னால் வழக்கமாக அது நெடுநேரம் உறுமிவிட்டு, முடியவில்லை என்று கைவிரிக்கும். அன்று தட்டின கையோடு முடித்துவிட்டது. நிரூபணம் சரி என்று பச்சை விளக்கு.

எஸ்தர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தணிகாசலம்கூட என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க டீச்சர், நல்லா இருக்குதுன்னு" என்றார். முதலாளி கடைத்தெருவிலிருந்து கிலோ கணக்கில் ஸ்வீட் வரவழைத்து, கீழே பெயின்ட் அடிப்பவர்களுக்கும் கொடுத்தார். ஆலையின் பாதுகாப்பு அதிகாரிக்கு உடனே போன் போட்டு, வந்து பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார். யாருமே, 'இத்தனை நாள் படுத்திய தேற்றம் இன்று ஏன் இப்படிப் பசுவாகிவிட்டது?' என்று கேட்கவில்லை. நான் உட்பட.

அதிகாரி வருகிற அன்று காலை முதலாளிக்கு ஒரு யோசனை. சுவரைக் கழற்றி அவர் கையில் கொடுக்க முடியாது. அதனால் தலைமைத் தேற்றத்தின் நிரூபணம் எவற்றின் மேல் கால் ஊன்றி நிற்கிறதோ அவற்றை மட்டும் தனியாக ஒரு படமாகப் போட்டுத் தரச் சொன்னார். ஹாஜா பாதிச் சுவர் அளவுக்குத் தாள் வேண்டியிருக்கும் என்று ஒரு கட்டுத் தாளைப் பிரின்டரில் அடுக்கினான். பிரின்டர் ஒரே ஒரு தாளைத் துப்பிவிட்டு நின்றது. அதிலும் பாதித் தாள் வெள்ளை. மேலே தலைமைத் தேற்றம், கீழே 'வண்டி', நடுவில் எண்களைப் பற்றிய சில்லறைப் பெட்டிகள் சில. அவ்வளவுதான்.

"எவ்ளோ நீட்டா கீது பாரு நைனா!" என்று முதலாளி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இத்த அப்பவே போட்டிருந்தா சொவரு முச்சூடும் ஒட்டிகினு இருந்திருக்க வேணாமே."

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதில் நான் தேடியது பாதுகாப்பை அல்ல, என்னை. கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் நம் பெயர் எங்கே போட்டிருக்கிறது என்று பார்ப்போமே, அப்படி. சிக்னல் பற்றிய துணைத் தேற்றங்கள் முழுக்க என்னுடையவை. சிவப்பு விழுந்தால் வண்டி நிற்கும், ஒரு லைன் காலி என்று சிக்னல் பெட்டி கணக்கிடும்வரை அந்த லைனுக்குப் பச்சை விழாது என்று மாய்ந்து மாய்ந்து நிரூபித்திருந்தேன். அவற்றில் ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டி, அந்தத் தாளில் இல்லை. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. கம்பெனியில் எல்லாருக்கும் பத்திரிகை வைத்துவிட்டு என்னை மட்டும் விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"ஹாஜா, இது தப்பு. உன் புரோகிராம் எங்கேயோ கோட்டை விட்டிருக்கு. சிக்னலே இல்லையே இதுல?"

"இல்ல மேடம். தியரத்தோட வாசகத்துல சிக்னல் இருக்குது. ஆனா ப்ரூஃப் அத்த எங்கியும் கேக்கல. கேட்டாத்தானே நான் கோடு போடுவேன்?"

"சிக்னலைக் கேக்காம வண்டி மோதாதுன்னு எப்படிப்பா ப்ரூவ் பண்ண முடியும்?" என்றார் தணிகாசலம்.

"அது எனக்கு இன்னா சார் தெரியும்? எழுதினது நீங்க. நான் வரையறவன்தானே."

முதலாளிக்கு விஷயம் மெல்ல உறைத்தது. அவர் ஹாஜாவைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. "இங்க பாரு நைனா. உன் புரோகிராம் தப்புன்னா நீ ஊட்டுக்குப் போவணும். கரெக்டுன்னா நாம எல்லாருமே ஊட்டுக்குப் போவணும். எதுன்னு நீயே சொல்லு."

ஹாஜாவின் முகம் வெளுத்துப்போயிற்று. தன் புரோகிராமில் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எங்கள் மூவரின் வேலையும் பிழைக்கும், அதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார். அவன் மட்டும் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறுவான். அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "தப்பு இல்ல சார்," என்றான் கடைசியில்.  எனக்கு அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாகவும், என்னைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது. தப்பு என்று முதலில் கத்தியவள் நான்தானே.

நெருக்கடியான நேரத்தில் யார் சொல்வது சரி என்று வாதாடுவதைவிட, கம்ப்யூட்டரிடமே ஒரு பொய்யைக் கொடுத்துப் பார்ப்பது மேல். அது ஒன்றுதான் அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. உங்களுக்கும் அதையே சிபாரிசு செய்கிறேன். "எஸ்தர், வண்டியைப் பத்தி ஒரு பச்சைப் பொய்யை எழுதும்மா. இது அதை ஒத்துக்குதான்னு பாப்போம்" என்றேன்.

"இன்னா பொய் மேடம்?"

தணிகாசலம் தன்னை மறந்து வாய் திறந்தார். "எல்லா வண்டியும் ஒரே நேரத்துல எல்லா லைன்லயும் நிக்குதுன்னு எழுது."

எஸ்தர் எழுதினாள். தானாகத் தேடச் சொன்னாள். தட்டின கையோடு பச்சை விளக்கு.

 எஸ்தர் அடுத்ததை அவளாகவே எழுதினாள். எந்த வண்டியும் எந்த லைனிலும் இல்லை. அதற்கும் பச்சை. எல்லா வண்டியின் நீளமும் பூஜ்யத்தைவிடக் குறைவு. பச்சை. ஒவ்வொரு வண்டியும் தன்னைவிடப் பெரியது. பச்சை. எதைக் கேட்டாலும் தலையாட்டியது.

"எல்லாமே கரெக்டுன்னு சொல்லுதா?" என்றார் முதலாளி. "அப்ப நல்லதுதானே டீச்சரம்மா?"

பூட்டிக் கிடக்கிற வீட்டைக் காட்டி, அங்கே எல்லாரும் சைவம் என்று சொல்லலாம். அங்கே எல்லாரும் கறி தின்பவர்கள் என்றும் சொல்லலாம். மறுத்துப் பேச ஆள் இல்லை. எங்கள் 'வண்டி' என்ற வரையறை அப்படிப் பூட்டிக் கிடந்தது. ஹாஜாவின் தாளில் எல்லாக் கோடும் போய் முடிந்த அந்த ஒரே பெட்டியைத் திறந்து, அதில் இருந்த இரண்டு வரிகளையும் சத்தமாகப் படித்தேன். வாலுக்கு முன்னால் தலை இருக்க வேண்டும். தலைக்கு முன்னால் வால் இருக்க வேண்டும். அப்படி ஒரு வண்டி உலகத்தில் கிடையாது. வண்டியே இல்லாத ஊரில் எது எதோடு மோதும்? அதற்கு என் சிக்னல் எதற்கு? நாங்கள் நிரூபித்தது அதைத்தான்.

கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதிகாரி வந்துவிட்டார்.

முதலாளி பதறிக்கொண்டு, "ஒருத்தரும் வாய் திறக்காதீங்க. பிரியாணி சொல்லிக்கிறேன். துண்ண வெச்சி, கையெழுத்து வாங்கிகினு அனுப்பிடலாம். அப்பால நீங்க நிதானமா சரி பண்ணிக்கோங்க. டப்பு வந்தாத்தான் உங்க எல்லாருக்கும் சம்பளம்" என்றார்.

"சார், சாப்பிடறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்," என்றேன். "சாப்பிட்டுட்டா அவருக்கும் முகத்தை முறிக்க முடியாது, நமக்கும் சொல்ல வாய் வராது." அவர் என்னை முறைத்தார். ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

அதிகாரி மாடி ஏறி வந்தார். கனத்த மனிதர், மூச்சு வாங்கியது. தமிழ் புரியும், நிதானமாகப் பேசுவார். அவர் உட்காருவதற்குள் எஸ்தர் முன்னால் போய், "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் சேர்த்த லைன்" என்று ஆரம்பித்துவிட்டாள். தணிகாசலம் குறுக்கே வந்தார்.

"இன்னாம்மா நீ, அது என் லைனு. படம் போட்டது நானு."

"நீங்க எழுதினது சரிதான் சார். நான்தான் கேக்காம கீழ சேத்தேன்."

"நீ சேத்தத நான் பாத்திருக்கணும் இல்ல? இத்தினி நாளா எதிருல உக்காந்துகினு இன்னாத்த கிழிச்சேன்?"

"ஃபேனுக்காகத்தானே சார் நீங்க..."

"ஃபேனு கெடக்குதும்மா, விடு."

ரெகுலேட்டர் சண்டைக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதல்முறை. தப்பு யாருடையது என்பதற்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்வதை அதிகாரி மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஹாஜா போய் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான். 

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். "இதுல சிக்னல் எங்க?"

"இல்ல சார்," என்றான் ஹாஜா. "ப்ரூஃப் சிக்னல கேக்கல. வண்டியோட டெபனிஷன் தப்பாயிடுச்சு. அதுல வண்டியே இல்ல."

"வண்டி இல்லைன்னா நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்?"

முதலாளி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி சுவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கையெழுத்துப் போட முடியாது," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பிரியாணி சாப்பிடறேன். ரோடு ரொம்ப மோசம், பசிக்குது" என்றார்.

அவர் கோபமாகவே சாப்பிட்டார், இரண்டாம் தடவை கேட்டும் வாங்கிக்கொண்டார். கை கழுவிவிட்டுப் புறப்படும்போது முதலாளியைக் கூப்பிட்டார். "எல்லாக் கம்பெனியும் எங்கிட்ட சரியா இருக்குற பேப்பரத்தான் காட்டுவாங்க. இந்தப் பையன் காட்டினது வேற மாதிரி. மறுபடி நான் வரும்போது முதல்ல இந்தப் படம் எனக்கு வேணும். இவர் வரைஞ்சிருக்கணும். இவர் இங்க இல்லைன்னா போன் பண்ணாதீங்க."

கார் வாசலைத் தாண்டுவதற்குள் முதலாளி ஹாஜாவின் தோளில் கை போட்டுவிட்டார். "நம்ம ஹாஜா இருக்கும்போது இன்னா நைனா கவலை?" என்றார். வேலை நிரந்தரம் என்று அந்த வாரமே உத்தரவு வந்தது. ஹாஜா அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "படம் வரையறவருன்னு போட்டிருக்காரு மேடம்" என்று சிரித்தான். போனால் போகிறது என்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு மனது நிறைந்திருந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால், சொல்வதற்கு நல்ல தமாஷ். ஆனால் வரையறையைத் திருத்தி, அதற்குள் நிஜமான வண்டிகள் வந்த பிறகு, தலைமைத் தேற்றம் பழையபடி முரண்டு பிடித்தது. வேறெங்கும் இல்லை, ஒரே ஒரு லைனில். எங்களுக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்று முட்டிக்கொண்டிருந்தோம். எஸ்தர்தான் ஒரு நாள் தணிகாசலத்தைப் பார்த்து, "சார், இது நம்ம தப்பா இல்லாம, சிக்னல் பெட்டியோட தப்பா இருந்தா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேடினார்கள். அந்த ஒரு லைனுக்கு மட்டும் ஆலையின் பழைய சிக்னல் விதியை அப்படியே எடுத்து எழுதியதால், பெட்டியின் கணக்கில், இன்ஜினின் தலை வெளியேறியதுமே லைன் காலி என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. பின்னால் இழுத்து வரும் வேகன்கள் இன்னும் அதே லைனில் இருக்கும்போதே, அடுத்த வண்டிக்குப் பச்சை விழுந்துவிடும்.

நான் அதிகாரிக்கு போன் செய்து எந்த லைன் என்று சொன்னேன்.  "மேடம், ஷிப்டு ஆளுங்க கேன்டீனுக்கு அந்த லைனத் தாண்டித்தான் போறாங்க," என்றார். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். என் சிக்னல்களை விட்டுவிட்டார்களே என்ற வீம்பில்தான் நான் அந்தத் தாளைக் கிளறினேன். என் பெட்டி ஒன்றாவது அதில் இருந்திருந்தால் சந்தோஷமாக மடித்துக் கொடுத்திருப்பேன். இதை உங்களிடம் ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. உங்கள் தேற்றம் சட்டென்று முடிந்துவிட்டால், ஸ்வீட் வாங்குவதற்கு முன்னால் அது யாரையெல்லாம் கேட்டு முடிந்தது என்று பாருங்கள். முக்கியமான ஆளைக் கேட்காமல் முடிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வண்டி என்று ஒன்று எழுதினால், அப்படி ஒரு வண்டியாவது உண்டு என்று முதலில் நிரூபியுங்கள்.

பெட்டியைத் திருத்தி, நிரூபணத்தை முடித்து, ஹாஜாவின் படத்தைக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிய பிறகு, ஆலையில் அதை ஓட்டிக் காட்டும் நாளுக்கு எங்கள் எல்லாரையும் முதலாளி அழைத்துப் போனார். கேன்டீன் பக்கம் வெயிலில் நின்றோம். ஒரு இன்ஜின் நீளமாக வேகன்களை இழுத்துக்கொண்டு மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. அதன் தலை எப்போதோ போய்விட்டது. வால் இன்னும் அதே லைனில். இந்தப் பக்கம் இன்னொரு இன்ஜின் சிவப்பில் நின்றிருந்தது. நடுவில் சாப்பாட்டுத் தூக்குகளோடு ஆட்கள் சாவகாசமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நின்றிருந்த இன்ஜினின் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, சிக்னல் கம்பத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டித் தெலுங்கில் கத்தத் தொடங்கினார். முன்பெல்லாம் இந்நேரம் பச்சை விழுந்திருக்குமாம்.

"இன்னா சார் சொல்றாரு?" என்று ஹாஜா கேட்டான்.

முதலாளி கொஞ்சம் தயங்கினார். "இந்த சிக்னல வெச்சவன் யாருன்னு கேக்குறாரு நைனா. அவனோட பாட்டன் பூட்டனையெல்லாம் விசாரிக்கிறாரு."

"மேடம், நம்மளத்தான் திட்றாரு!" என்றான் ஹாஜா. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எஸ்தர் தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வேகன் லைனைத் தாண்டிப் போகிற வரைக்கும் அந்த டிரைவர் ஓயவில்லை. நாங்களும் ஒரு வார்த்தை விடாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.